நேர்ட்லிங்கன்: வட்ட மதிலுக்குள் ஒரு சிறு நகரம்

இரவு பத்து மணி. ஜேர்மனியின் தென்பகுதியில், பவேரியா மாநிலத்தின் மேற்கெல்லைக்கு அண்மையிலுள்ள நேர்ட்லிங்கன் என்னும் சிறு நகரத்திலே கடைகள் அடைக்கப்பட்டுவிட்டன. கல் பாவிய தெருக்களில் ஆள் நடமாட்டம் அருகிவிட்டது. அவ்வேளையில், நகரின் நடுவே 90 மீற்றர் உயர்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு மனிதக் குரல் எழுகின்றது. "ஸோ, க்ஸெல், ஸோ!" என்று நீட்டி ஒலிக்கும் அக்குரல் கூரைகளுக்கு மேலாகச் சென்று மதிலோரத்தில் மறைகின்றது. "அப்படித்தான் தோழா, அப்படித்தான்" என்று அதற்கு ஏறக்குறையப் பொருள் கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு முறை, நள்ளிரவு வரை, கோபுரக் காவலன் இவ்வாறு கூவுகின்றான். மணிக்கூடும் தொலைபேசியும் மின்விளக்கும் வந்துவிட்ட பின்னரும் இவ்வழக்கம் அந்நகரில் நின்றுபோகவில்லை.

இக்கூவலுக்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். 1440 ஆம் ஆண்டில், அயலிலே ஆட்சி புரிந்த எற்றிங்கன் பிரபு இந்நகரைக் கைப்பற்றக் கருதி, லெப்சிங்கன் வாயிற் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து, ஓரிரவு கதவைத் தாழிடாமல் விட்டுவைக்கச் செய்தானாம். அவ்விரவு, வேலையிலிருந்த தன் கணவனுக்குப் பானம் வாங்கிக்கொண்டு வந்த ஒரு கம்பளி நெசவாளியின் மனைவி, தெருவிலே திரிந்த பன்றியொன்று கதவில் முதுகை உரோஞ்சுவதையும், கதவு அசைந்து விலகுவதையும் கண்டாள். அவள் "ஸோ, க்ஸெல், ஸோ!" என்று கூவி ஊரை எழுப்பினாள். நகரம் பிழைத்தது, காவலர் தண்டனை பெற்றனர். காவலர் தூங்கிவிடாது விழித்திருக்கின்றனரா என்று அறிவதற்காகக் கோபுரத்திலிருந்து விடுக்கப்பட்ட அழைப்பே பிற்காலத்தில் இக்கதையோடு சேர்ந்துகொண்டது என்று கொள்வது பொருத்தமாகலாம். ஆயினும், பிரபுவையும் படைத்தளபதியையும் விட்டு, ஒரு நெசவாளிப் பெண்ணையும் ஒரு பன்றியையும் தன் இரட்சகராகக் கொண்டாடும் ஓர் ஊரின் மனப்பான்மை கவனிக்கத்தக்கது.

நேர்ட்லிங்கன் நகரின் அமைப்பை அறிய விரும்புவோர் அக்கோபுரத்தின் 350 படிகளையும் ஏறிப் பார்த்தல் வேண்டும். "டானியேல்" என்பது கோபுரத்துக்கு ஊரார் இட்ட செல்லப் பெயர். மேலிருந்து நோக்கினால், சிவந்த ஓட்டுக் கூரைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு வட்டம் தெரியும். அவ்வட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய 2.7 கிலோமீற்றர் நீளமான மதில். ஐந்து வாயில்களும் பதினொரு கோபுரங்களும் கொண்ட அம்மதிலின்மேல், கூரையிட்ட நடைபாதை வழியாக, ஓரிடத்திலும் கீழே இறங்காமல் நகரை முழுவதும் சுற்றி வரலாம். ஜேர்மனியில் வேறெந்த நகரத்திலும் இது இயலாது. வாயில்கள் பெரும்பாலும், அவற்றினூடாகச் செல்லும் வீதி எந்தக் கிராமத்தை அடைகின்றதோ அக்கிராமத்தின் பெயரையே தாங்கியுள்ளன: பால்டிங்கன் வாயில், லெப்சிங்கன் வாயில், டைனிங்கன் வாயில், றைம்லிங்கன் வாயில். அரசர் பெயரோ புனிதர் பெயரோ இன்றி, அயற்கிராமங்களின் பெயரைத் தன் வாயில்களுக்கு வைத்த நகரம், தன் சோறு எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்த நகரமாகும்.

மதிலுக்கு அப்பால் எத்திசையில் நோக்கினும் சமதரையான வயல்நிலம். அதற்கும் அப்பால் தாழ்ந்த குன்றுகள், தட்டின் விளிம்பு போலச் சுற்றி வளைந்து கிடக்கும். இச்சமவெளிக்கு "றீஸ்" என்று பெயர். மண் வளமானது. கோதுமையும் பார்லியும் விளைவித்து, மாடும் வாத்தும் வளர்த்த அவ்வெளியின் கமக்காரருக்கு நேர்ட்லிங்கனே சந்தை.

நகரின் பெயர் முதன்முதலாக 898 ஆம் ஆண்டுச் சாசனமொன்றிலே, அரசருக்குரிய ஒரு பண்ணையாகக் காணப்படுகின்றது. பின்னர் அது றேகன்ஸ்பேர்க் ஆயரின் உடைமையாயிற்று. 1215 இல் இரண்டாம் பிரெடெரிக் மன்னன் அதனை ஆயரிடமிருந்து பெற்றான். அக்காலந்தொட்டு அது எந்தப் பிரபுவுக்கும் அடங்காது, பேரரசர் ஒருவருக்கே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக வளர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1219 இல், பெந்தெகொஸ்தே திருநாளையொட்டி அங்கு நடைபெற்ற பெருஞ்சந்தையைப் பற்றிய முதற் குறிப்புக் கிடைக்கின்றது. 1238 இல் தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. மீண்டும் கட்டினார்கள். மதிலுக்குள் இடம் போதாமல், தோல் பதனிடுவோரும் நெசவாளரும் மதிலுக்குப் புறத்தே குடியேறினர். 1327 இல் பவேரியனான லுட்விக் பேரரசன், அப்புறநகரங்களையும் உள்ளடக்கி ஒரு புதிய மதிலை எழுப்பப் பணித்தான். இன்று காணப்படுவது அதுவே. பழைய மதில் இருந்த இடம் இப்போது வளைந்து செல்லும் தெருக்களாக நகரின் நடுவில் எஞ்சியிருக்கின்றது. மரத்தின் வளையங்களைப் போல, நகரம் வளர்ந்த கணக்கை அதன் தெருக்களிலேயே படிக்கலாம்.

பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகள் இந்நகரின் செல்வக் காலம். தென் ஜேர்மனியின் முதன்மையான சந்தைகளுள் ஒன்றாக நேர்ட்லிங்கன் சந்தை விளங்கிற்று. தடித்த கம்பளித்துணி, லினன், தோல் ஆகியன உள்ளூர்ச் சரக்குகள். ஏகர் என்னும் சிற்றாற்றின் கரையில் தோல் பதனிடுவோர் வாழ்ந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. தோலைக் காற்றில் உலர்த்துவதற்காக மேல்மாடியில் திறந்த முன்றில்கள் வைத்து அவை கட்டப்பட்டுள்ளன. இந்தச் சந்தைப் பணத்தினாலேதான் 1427 இல் புனித ஜோர்ஜ் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கினர். கோபுரம் 1490 இலும் தேவாலயம் 1505 இலும் நிறைவெய்தின. ஆயர் எவரும் இல்லாத ஒரு வணிகர் நகரம், பேராலயம் ஒன்றுக்கு ஒப்பான கட்டடத்தைத் தன் கையால் எழுப்பிற்று என்பது அக்காலத்து நகரமக்களின் தன்மதிப்பைக் காட்டுகின்றது. 1529 இல் ஸ்பையர் நகரிற் கூடிய பேரரசு மன்றத்திலே, சமயச் சீர்திருத்தத்துக்கு எதிரான தீர்மானத்தை மறுத்துரைத்த பதினான்கு நகரங்களுள் நேர்ட்லிங்கனும் ஒன்று. "புரட்டஸ்தாந்து" என்னும் சொல்லே அந்த மறுப்புரையிலிருந்து பிறந்ததாகும்.

மதில் வெளிப்பகைவரைத் தடுத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மதிலுக்குள் இருந்தவர் எல்லோருக்கும் அது காவலாக அமைந்ததா என்பது வேறொரு கேள்வி.

1384 இல் நேர்ட்லிங்கன் மக்கள் தம் நகரில் வாழ்ந்த யூதர்மீது பாய்ந்தனர். ஏறத்தாழ இருநூறு பேர் கொல்லப்பட்டனர். அவர்களிடம் பெற்ற கடன்கள் அவர்களோடு தீர்ந்தன. பின்னர் மீண்டும் அங்கு வந்து குடியேறிய யூதர்களும் 1507 இல் நகரிலிருந்து அகற்றப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் அவர்களுக்கு அங்கே குடியிருக்கும் உரிமை கிடைக்கவில்லை.

1589 இற்கும் 1598 இற்கும் இடைப்பட்ட காலத்தில் நகரம் தன் பெண்களின்மீதே கை வைத்தது. சூனியக்காரிகளைத் தேடிப்பிடித்து அழிக்கும் வெறி அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்ற வேறுபாடு அதற்கில்லை. நேர்ட்லிங்கனிலே நகராதிபதி பிபெரிங்கர் என்பவரும் நகரசபையின் சட்ட அறிஞரும் இதனை முன்னின்று நடத்தினர். முறை எளிது. ஒருத்தி பிடிபடுவாள். சித்திரவதை தாங்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்வாள். உன்னோடு கூடியவர் எவர் என்று கேட்கப்படும். அவள் ஏதேனும் ஒரு பெயரைச் சொல்வாள். அடுத்த நாள் அப்பெயருக்கு உரியவள் பிடிபடுவாள். ஏழைகளில் தொடங்கிய வலை வெகுவிரைவில் வசதிபடைத்த வீடுகளையும் எட்டிற்று. நகரின் தலைமைப் போதகராயிருந்த வில்ஹெல்ம் லூற்ஸ் என்பவர் மேடையேறி இதற்கு எதிராகப் பேசினார். நகரசபை அவரைக் கண்டித்ததேயன்றிக் கேட்கவில்லை. ஈற்றில் முப்பத்துநான்கு பெண்களும் ஓர் ஆணும் உயிரிழந்தனர்.

அவர்களுள் றெபெக்கா லெம்ப் என்பவளின் கதை கடிதங்களால் நமக்குத் தெரிய வருகின்றது. நகரசபையின் கணக்குப் பொறுப்பாளர் ஒருவரின் மனைவி. ஆறு பிள்ளைகளின் தாய். 1590 ஆம் ஆண்டுக் கோடையில், கணவர் வெளியூர் சென்றிருந்த சமயம் அவளைச் சிறைப்படுத்தினர். வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றது என்று பிள்ளைகள் அவளுக்கு எழுதினார்கள். தான் குற்றமற்றவள் என்பதால் விரைவில் வீடு திரும்புவேன் என்றே அவளும் முதலில் நம்பினாள். சித்திரவதைக்குப் பின் எழுதிய கடிதத்தின் தொனி வேறு. இவ்வேதனையில் கிடப்பதைவிட, தான் சாவதற்கு ஏதேனும் ஒன்றை அனுப்பிவைக்கும்படி கணவரிடம் இரந்தாள். அக்கடிதம் அதிகாரிகளின் கையில் சிக்கியது. தற்கொலைக்கு எண்ணியதும் ஒரு குற்றமாக அவள் கணக்கில் சேர்க்கப்பட்டது. தன் மனைவியின் நன்னடத்தையை எடுத்துரைத்து, சாட்சிகளை நேர்முகமாக நிறுத்தும்படி கணவர் நகரசபைக்கு விண்ணப்பித்தார். பயனில்லை. செப்டெம்பர் மாதத்தில் அவள் தீயில் இடப்பட்டாள். அக்கடிதங்களைப் படிப்போருக்கு, அந்த நூற்றாண்டு தூரத்தில் இருப்பதாகத் தோன்றாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1593 நவம்பர் மாதத்தில், மரியா ஹோல் என்னும் விடுதிக்காரி பிடிபட்டாள். சந்தைக்கு வரும் வணிகர் தங்கும் "பொன் முடி" என்னும் விடுதியைக் கணவரோடு சேர்ந்து நடத்தியவள். பிறந்தகம் உல்ம் நகரத்தைச் சார்ந்தது. அவளை அறுபத்திரண்டு முறை சித்திரவதைக்கு உட்படுத்தினர் என்று வழக்கேடுகள் கூறுகின்றன. அறுபத்திரண்டு முறையும் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதவளை எரிக்கச் சட்டம் இடந்தராது. விடுதலை செய்தால், இதுவரை எரித்தவர் எல்லோரும் என்ன குற்றம் செய்தனர் என்ற கேள்வி எழும். நகரசபை திண்டாடியது. அதற்கிடையில் அவளுடைய உறவினர் உல்ம் நகரத்தாரை அணுகினர். அந்நகர் தன் தூதுவரை அனுப்பி அவளுக்காகப் பரிந்து பேசிற்று. சுதந்திர நகரங்கள் ஒன்றின் சொல்லை மற்றொன்று எளிதில் தட்டிவிட முடியாது. 1594 அக்டோபரில் அவளை விடுவித்தனர். அதுவும், தனக்கிழைத்த கொடுமைக்காக எவர்மீதும் பழிதீர்க்க முற்படேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியேறாதிருக்கும்படி கட்டளையிட்டே விடுவித்தனர். குற்றமற்றவள் என்ற ஒரு சொல்லை மட்டும் நகரசபை கூறவில்லை. எனினும், அவள் வாய் திறக்காத பின்னர் அவ்வெறி நாளடைவில் தணிந்துபோயிற்று. கோபுரத்தில் ஏறிக் கூவிய காவலன் எத்தனையோ ஆண்டு மதிலுக்கு வெளியே கண்வைத்திருந்தான். மதிலுக்குள் மூண்ட தீயை நிறுத்தியவள் இந்த விடுதிக்காரி. நகரின் பழைய மதுச் சந்தைச் சதுக்கத்தில் இன்று அவள் பெயரால் ஒரு நீரூற்று அமைந்திருக்கின்றது.

மரியா ஹோல் முதுமையெய்தி 1634 இல் இறந்தாள். அவ்வாண்டே நேர்ட்லிங்கனின் பெயர் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டது; நகரத்துக்கு அதனால் கிடைத்தது அழிவுதான். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சுவீடன் பக்கம் நின்ற நகரத்தைப் பேரரசின் படைகளும் பவேரியப் படைகளும் ஆகஸ்ட் மாதத்தில் முற்றுகையிட்டன. உள்ளே அயற்கிராமங்களிலிருந்து ஓடிவந்து தஞ்சம் புகுந்தோர் நிறைந்திருந்தனர். பசியும் கொள்ளைநோயும் அவர்களை அரித்தன. முற்றுகையை உடைப்பதற்காகச் சுவீடன் தளபதி குஸ்தாவ் ஹோர்னும் வைமார் பேர்ண்ஹார்ட் கோமகனும் படையோடு வந்தனர். செப்டெம்பர் 5, 6 ஆம் திகதிகளில், நகருக்குத் தெற்கேயுள்ள குன்றுகளில் போர் நிகழ்ந்தது. அல்புக் என்னும் குன்றின்மீது ஸ்பானியக் காலாட்படை அசையாது நிற்க, சுவீடன் படை மீண்டும் மீண்டும் மோதிச் சிதறியது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஹோர்ன் சிறைப்பட்டார். தென் ஜேர்மனியில் சுவீடனின் ஆதிக்கம் அன்றோடு முடிந்தது. மறு ஆண்டே பிரான்ஸ் தேசம் நேரடியாகப் போரில் இறங்கிற்று.

கோபுரக் காவலன் இவையனைத்தையும் மேலிருந்து கண்டிருப்பான். கூவி எழுப்புவதற்கு நகரில் தெம்புள்ளவர் அதிகம் பேர் இருக்கவில்லை. நகரம் சரணடைந்து பெருந்தொகை கொடுத்துத் தப்பியது. போர் முடிந்தபோது குடிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இல்லை. வணிகப் பாதைகள் மாறிவிட்டன. பெருஞ்சந்தை ஊர்ச்சந்தையாகச் சுருங்கிற்று.

இன்று நேர்ட்லிங்கனைக் கண்டு வியப்போர், பழமையைப் பேணிய மக்கள் என்று அவ்வூராரைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டு முற்றிலும் பிழையன்று. ஆனால் பாதுகாத்ததில் பெரும்பங்கு வறுமைக்கு உரியது. பழைய வீட்டை இடித்துப் புதுமுறையில் கட்டவோ மதிலைத் தாண்டி நகரை விரிக்கவோ பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1803 இல் நெப்போலியன் காலத்து மாற்றங்களால் நகரம் தன் சுதந்திரத்தை இழந்து பவேரியாவின் ஓர் ஊராயிற்று. அதன்பின் மதிலுக்கு வேலையில்லை. அதைப் பிரித்துக் கல்லை விற்றுவிடலாம் என்ற எண்ணமும் உண்டாயிற்று. 1826 இல் பவேரிய மன்னன் முதலாம் லுட்விக் அதற்குத் தடை விதித்ததால் மதில் தப்பியது. 1849 இல் புகையிரதம் வந்தது. நிலையம் மதிலுக்கு வெளியே அமைந்தமையால் பழைய நகரம் கலையவில்லை.

தூங்கிய ஊராகிய அக்காலத்திலும் நேர்ட்லிங்கன் முற்றாகத் தூங்கிவிடவில்லை என்பதற்கு ஓர் அச்சுக்கூடம் சான்று. 1763 இல் கார்ல் கொட்லொப் பெக் என்பவர் இங்கு ஆரம்பித்த நூல்வெளியீட்டகம் பின்னர் ஜேர்மனியின் பெரும் பதிப்பகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1889 இல் அது மியூனிக் நகருக்குப் பெயர்ந்தது. பெயர்ந்த பின்னரும் அதன் அச்சுவேலை இச்சிறு நகரத்தை விட்டுப் போகவில்லை. நகரத்தின் மற்றொரு புகழ் பந்தாட்டத்தைச் சார்ந்தது. 1974 ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனிக்கு வெற்றிக் கோலை அடித்த கெர்ட் முல்லர், 1945 இல் இங்கு பிறந்தவர். ஊரின் இளைஞரிடம் றெபெக்கா லெம்பைவிட அவரைப் பற்றிக் கேட்டால்தான் விரைவில் விடை வரும்.

1860 இற்குப் பின் மீண்டும் நகரில் குடியேறிய யூதர்கள் வணிகத்தில் தலையெடுத்து, தமக்கென ஒரு செபக்கூடமும் கட்டிக்கொண்டனர். 1938 நவம்பரில் அச்செபக்கூடம் சூறையாடப்பட்டது. எஞ்சியிருந்தோர் 1942 இல் நாடுகடத்தப்பட்டு மரண முகாம்களை நோக்கி அனுப்பப்பட்டனர். 1384 இல் கைகளினால் நடந்த வேலை, இம்முறை பெயர்ப்பட்டியலும் புகையிரதமும் கொண்டு நடந்தது. ஐந்து வாயில்களுள் ஒன்றினூடாகவேனும் அவர்கள் பகல் வெளிச்சத்தில் சென்றிருக்க வேண்டும். அவர்களுக்காகக் கூவியவர் எவர் என்று நகரின் வரலாறு சொல்லவில்லை. 1945 இல் புகையிரத நிலையத்தை நோக்கி வீசப்பட்ட குண்டுகளால் நகருக்கும் தேவாலயத்துக்கும் சேதம் உண்டாயிற்று. எனினும் வட்டம் குலையவில்லை.

இத்தனை நூற்றாண்டுகளாக அம்மக்களுக்குத் தெரியாதிருந்த ஒரு செய்தி, அவர்களுடைய கோபுரத்தின் கல்லிலேயே இருந்தது. அக்கோபுரமும் தேவாலயமும் சாம்பல் நிறமான ஒருவகைக் கல்லால் கட்டப்பட்டவை. "சுவேவைற்" என்பது அதன் பெயர். எரிமலைக் கல்லைப் போலத் தோன்றுவதால், றீஸ் சமவெளி அணைந்துபோன ஓர் எரிமலையின் வாய் என்றே நிலவியலார் நெடுங்காலம் கருதினர். விண்கல் வீழ்ந்த குழியாகலாம் என்று 1904 இல் கூறப்பட்ட கருத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. 1960 இல் அமெரிக்க நிலவியலாளர் யூஜீன் ஷூமேக்கர் அங்கு வந்து கற்களைச் சேகரித்தார். அவரும் எட்வர்ட் சாவோவும் அவற்றை ஆராய்ந்தபோது, "கோசைற்" என்னும் கனிமம் அவற்றில் இருப்பதைக் கண்டனர். சாதாரண மணலின் பொருளே மிகப் பேரளவான அமுக்கத்துக்கு உட்படும்போது கோசைற் ஆகின்றது. எரிமலை எதுவும் அவ்வளவு அமுக்கத்தை மேற்பரப்பில் உண்டாக்க வல்லதன்று. ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பத்தெட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட குறுக்களவுள்ள விண்பாறையொன்று வந்து மோதி, இருபத்துநான்கு கிலோமீற்றர் அகலமான குழியைத் தோண்டியது. அக்குழியில் நீர் தேங்கி ஏரியாயிற்று. ஏரி வண்டலால் தூர்ந்து வயலாயிற்று. தட்டின் விளிம்பு போல் தோன்றும் குன்றுகள் அக்குழியின் கரைகளே. கமக்காரரின் விளைநிலமும் வணிகரின் சந்தையும் இந்த மோதலின் மேல் அமைந்தவை. மோதலின் வேகத்தில் பாறையிலிருந்த காரீயம் வைரத் துகளாயிற்று; கண்ணுக்குப் புலப்படாத அத்துகள்கள் கோபுரக் கற்களிலும் கலந்துள்ளன.

1970 இல் அமெரிக்க விண்வெளி வீரர் சிலர் இச்சமவெளிக்கு வந்து, சந்திரனில் எத்தகைய பாறையைப் பொறுக்க வேண்டும் என்று பயிற்சி பெற்றனர். அப்போலோ 14 இல் சந்திரனுக்குச் சென்ற அலன் ஷெப்பேர்டும் எட்கர் மிச்செலும் அவர்களுள் இருவர். 1990 இல் திறக்கப்பட்ட நகரின் அரும்பொருட்சாலையில், அமெரிக்கர் அளித்த சந்திரக் கல்லொன்று வைக்கப்பட்டிருக்கின்றது.

சுவேவைற் உறுதியான கல்லன்று. மழையும் பனியும் அதனை எளிதில் அரித்துவிடும். ஆகவே புனித ஜோர்ஜ் தேவாலயத்தில் சாரம் கட்டாத காலம் அரிது. ஒரு பக்கம் பழுதுபார்த்து முடிக்குமுன் மறுபக்கம் உதிரத் தொடங்கிவிடும். பகலிலே கீழே கற்றச்சரின் உளியோசை. இரவு பத்து மணிக்கு மேலே காவலனின் குரல். ஏறக்குறைய இருபதினாயிரம் மக்கள் இவ்விரண்டையும் கேட்டுக்கொண்டு அந்நகரில் வாழ்கின்றனர்.